மாமாவின் சீஜி 125: ஒரு லட்சத்தை எங்கே போடுவது, எதை வெட்டாமல் விடுவது

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமாவின் ஹொண்டா சீஜி 125 பல வருடமாக மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் தறப்பாளால் மூடியபடி நிற்கிறது. கிக்கர் இறங்கவில்லை, பெற்றோல் ராங்கிக்குள் கறள், வயர்களை எலி அரித்துவிட்டது. 90களில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. வண்டியின் பதிவுப் புத்தகம் மாமாவின் பெயரில், மாமா கனடாவில். கையில் ஒரு லட்சம் ரூபா இருக்கிறது. இதைத் திருத்தி யூரியூப்பில் பார்க்கிற மாதிரி கஃபே ரேசர் ஆக்கலாமா, இல்லை இரும்புக்கடைக்குக் கொடுத்துவிடுவதா?

இரும்புக்கடைக்குக் கொடுக்க வேண்டாம். கஃபே ரேசரும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் அந்த வண்டிதான்.

சீஜி 125 ஐ ஹொண்டா 1976 இல் வெளியே விட்டது. நேரத்துக்கு ஒயில் மாற்றாமல், தூசிக்குள், அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றி ஓட்டுகிற நாடுகளை நினைத்தே அதை வரைந்தார்கள். மற்ற ஹொண்டாக்களில் இருக்கிற ரைமிங் செயின் இதில் கிடையாது. கம்ஷாப்ட் கீழே பற்சக்கரத்தில் சுற்றும், இரண்டு நீளக் கம்பிகள் மேலே போய் வால்வைத் திறக்கும். பின்சில்லுக்குப் போகிற செயின் முழுதாக மூடிய கவருக்குள் ஓடும். வன்னியைப் பார்த்துவிட்டுத்தான் செய்தார்களோ என்று நினைக்கத் தோன்றும். பாகிஸ்தானில் அதை இன்றைக்கும் செய்கிறார்கள், சீனாவில் அந்த என்ஜினைப் பிரதி பண்ணி விற்கிற கம்பனிகள் ஏராளம். அதனால் பிஸ்டன், ரிங், கிளச் பிளேட், கஸ்கெட் எல்லாம் இன்னும் கிடைக்கும். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருக்கும். பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவார்கள்.

கஃபே ரேசர் என்பது 1950, 60களில் லண்டன் பக்கத்துப் பொடியள் தார் ரோட்டில் வேகம் பார்க்கச் செய்துகொண்ட வண்டி. ஹாண்டிலைக் கீழே இறக்குவார்கள், மட்காட்டைக் குறுக்குவார்கள், சீற்றை ஒரு ஆளுக்கு மட்டும் வைப்பார்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 இல் மட்டும் ஓடினால் சரி. ஆனால் உங்கள் ஒழுங்கைக்குத் திரும்பினதும் கிறவல். ஹாண்டில் கீழே இருந்தால் உடம்புப் பாரம் முழுக்க மணிக்கட்டுக்கும் முன்சில்லுக்கும் போகும். உதிரிக் கிறவலில் முன்சில்லு வழுக்கினால் பிடித்து நிமிர்த்த நெம்பு போதாது. மழைக்கு மட்காட் இல்லாமல் குளக்கட்டால் போய்வந்தால் முதுகு முழுக்கச் சேறு. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக இடமும் இராது.

சாவியை எடுக்க முதல் கடதாசியைப் பாருங்கள். இதில் இழுபட்டால் மற்றதெல்லாம் வீண் செலவு.

புத்தகத்தில் இருக்கிற சேசி நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருக்கிறவையும் ஒன்றா என்று முதலில் ஒத்துப் பாருங்கள். சேசி நம்பர் ஹாண்டில் பொருந்துகிற கழுத்துப் பக்கத்தில் இருக்கும். கறளுக்கு மேல் கிறைண்டர் பிடிக்காமல், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். பெயின்ற் அடிக்கிற நாளிலும் அந்த இடத்துக்குப் புட்டி பூசக்கூடாது, மணல்தாள் போடக்கூடாது. நம்பர் அழிந்த சேசியோடு பொலிஸிடம் நின்றால், திருத்தினது என்று யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது.

மாமா கனடாவில் என்பது பெரிய சிக்கல் இல்லை. அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை உங்கள் அம்மாவின் பெயருக்கோ உங்கள் பெயருக்கோ எடுப்பித்தால் பெயர் மாற்றலாம். ‘ஓபன் பேப்பர்’ என்று சொல்லி வெறும் கையெழுத்துக் கடதாசியோடு வருடக்கணக்காக ஓடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அப்படி ஓடாதீர்கள். விபத்து என்று வந்தால் கனடாவில் இருக்கிற மாமாவின் பெயர்தான் முதலில் வெளியே வரும். புத்தகம் தொலைந்தவர்களுக்கும் வழி இருக்கிறது: வாகன இலக்கத்தைக் கொடுத்து மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விபரம் எடுத்துப் பிரதி கேட்கலாம். 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்த சனத்துக்கு இது புது விஷயம் அல்ல.

நிறம் மாற்றினாலும் என்ஜின் மாற்றினாலும் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் திருத்த வேண்டும். ஆகவே ராங்கிக்கு என்ன நிறம் என்று முடிவெடுக்க முதல் புத்தகத்தில் என்ன நிறம் என்று பாருங்கள். சிவப்பென்றால் சிவப்பே அடிக்கலாம், அலைச்சலும் காசும் மிச்சம். வீதி வரி அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்தில். அதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். புகைப் பரிசோதனை கடைசியில் வரும், என்ஜின் வேலை ஒழுங்கென்றால் அது தானாகச் சரிவரும்.

இனி என்ஜின். இறங்காத கிக்கரில் ஏறித் துள்ளாதீர்கள். பிஸ்டன் அசையாது, கிக்கர் தண்டின் பற்கள்தான் மழுங்கும், பிறகு என்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டிவரும். பிளக்கைக் கழற்றி, டீசலும் என்ஜின் ஒயிலும் சரிக்குச் சரி கலந்து அரைக் கோப்பை அளவு ஓட்டைக்குள் விட்டு, மூன்று நாலு நாள் அப்படியே விடுங்கள். இடையிடையே கொஞ்சம் கூட்டி விடலாம். பிறகு மேல் கியரில் போட்டு, பின்சில்லை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்டுங்கள். பெரும்பாலும் ‘கிறிச்’ என்ற சத்தத்தோடு விடும். விடாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டருக்குள் பார்த்து, பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்துத் தட்ட வேண்டும். இரும்பால் அடிக்கக் கூடாது.

விட்டுவிட்டதென்று சந்தோஷத்தில் ஸ்ராட் பண்ணாதீர்கள். ஒட்டியிருந்த ரிங் சிலிண்டரைக் கீறிக்கொண்டுதான் ஓடும். அந்தக் காலத்து மண்ணெண்ணெய்க் கணக்கும் இன்னும் பாக்கி. பெற்றோல் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சத்தைக் காபுறேற்றருக்குள் விட்டு உதைத்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஓடியதுதான். ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், மேலே பிஸ்டன் தலையிலும் வால்வடியிலும் கரி கட்டும். அதோடு மண்ணெண்ணெய் பெற்றோலைவிடச் சுலபமாகத் தட்டும். அழுத்தத்தைக் குறைத்தால் தட்டுவது குறையும், அதற்குச் சிலிண்டருக்கு அடியில் கூடுதல் கஸ்கெட் வைப்பது ஒரு வழி. சிலிண்டரைத் தூக்கும்போது அடியில் ஒன்றுக்கு மேல் கஸ்கெட் கண்டால், ஒன்றை மட்டும் புதிதாகப் போடுங்கள். பெற்றோலில் ஓடும்போது இழுவை கூடும்.

கழற்றுகிற வேலையைக் கராஜுக்குக் கொடுக்காமல் நீங்களே செய்தால் ஒரு லட்சம் போதும். 8, 10, 12, 14, 17, 19 சாவிகளும், சுத்தியலால் அடிக்கத் திரும்புகிற இம்பக்ற் ட்ரைவர் ஒன்றும் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். பக்க மூடிகளில் இருக்கிற ஜப்பான் ஸ்குரூக்களின் தலை, கடையில் விற்கிற சாதாரண ட்ரைவருக்குச் சரியாகப் பொருந்தாது; திருகத் திருக வழுக்கித் தலை உருண்டுவிடும். நுனியை ஸ்குரூவில் வைத்து முதலில் இரண்டு அடி அடித்துப் பிறகு திருப்புங்கள். பூட்டும்போது அலன் போல்ட் போட்டுவிடலாம், செலவு கொஞ்சம்தான். கழற்றுகிற ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள், போல்டுகளைப் பால்மா ரின்களில் பிரித்து மேலே எழுதி வையுங்கள். இதற்குக் காசு தேவையில்லை, பொறுமைதான் வேண்டும்.

சிலிண்டரைக் கழற்றினதும் வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பாருங்கள். நல்ல சிலிண்டரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரியும். தூசி தின்ற சிலிண்டரில் மேலிருந்து கீழாக நெடுங்கோடுகள் இருக்கும், பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு விரல் நகத்தை உள்ளே விட்டு மேல் விளிம்பை நோக்கி இழுத்துப் பாருங்கள். மேலிருந்து சிறிது கீழே, மேல் ரிங் போய்த் திரும்புகிற இடத்தில், நகம் ஒரு படியில் தடக்கும். ரிங் உரசாத மேல் விளிம்பு பழைய அளவில் நிற்க, கீழே தேய்ந்ததால் வந்த படி அது. நகம் லேசாகத் தொட்டும் தொடாமலும் போனால் ரிங் மட்டும் மாற்றலாம். தெளிவாகத் தடக்கினால் லேத் கடையில் போர் பண்ணியே, அதாவது உட்சுவரைக் கடைந்து பெருப்பித்தே ஆக வேண்டும். புது ரிங்கைத் தேய்ந்த சிலிண்டருக்குள் போட்டு மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள், கொஞ்ச நாளில் நீலப் புகையோடு திரும்பி வருவார்கள்.

சீஜியின் சிலிண்டர் விட்டம் புதிதில் 56.5 மில்லிமீற்றர். பழைய பிஸ்டனின் தலைக் கரியைச் சுரண்டிப் பாருங்கள். 25, 50, 75, 100 என்று ஏதாவது அடித்திருந்தால் முன்னமே அந்த அளவு போர் பண்ணியிருக்கிறார்கள்: 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர். 100 என்றால் இனி இடமில்லை, லைனர், அதாவது உள்ளே புது உருளை போட வேண்டும். அதற்குக் கீழே என்றால் அடுத்த அளவுப் பிஸ்டனை முதலில் வாங்கி, பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்து லேத்துக்குக் கொடுங்கள். பிஸ்டனைக் கையில் வைத்து அளந்துதான் போர் பண்ண வேண்டும், எதிர்மாறாகச் செய்யக்கூடாது. கடையில் சீனத்துச் சிலிண்டர் செட் ஒன்று பெட்டியோடு மலிவாகக் கிடைக்கும், ஆசை வரும். என்னைக் கேட்டால் ஹொண்டாவின் பழைய வார்ப்பைப் போர் பண்ணி நல்ல பிஸ்டன் போடுவது மேல். அந்த இரும்பு இன்னும் நிறைய நாள் நிற்கும்.

சிலிண்டர் இல்லாத நேரத்தில், பிஸ்டனைக் கீழே கிராங்கோடு இணைக்கிற கொனெக்ரிங் ரொட்டைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் அசைவது இயல்பு, மேல் கீழாகத் ‘தக் தக்’ என்று தட்டினால் கிராங்க் போய்விட்டது. மண்ணெண்ணெய் கலந்த ஒயிலில் ஓடிய வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிராங்க் பிரஸ் வேலை உங்கள் ஒரு லட்சத்தில் பெரிய துண்டை விழுங்கும். அப்படி வந்தால் பெயின்ற், சீற் எல்லாவற்றையும் அடுத்த போகத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

வால்வுக்கு ஒரு சின்னச் சோதனை: ஹெட்டைக் கவிழ்த்து, காபுறேற்றர் வாயிலும் சைலன்சர் வாயிலும் மாறிமாறிப் பெற்றோல் விட்டுப் பாருங்கள். வால்வடியால் கசிந்தால் பேஸ்ற் போட்டுக் கையால் அரைக்க வேண்டும். ஒரு பின்னேர வேலை. வலப்பக்க மூடியைத் திறந்தால் கிராங்க் நுனியில் வட்டமான ஒரு மூடி இருக்கும். அதுதான் சீஜியின் ஒயில் பில்டர், சுழற்சியில் அழுக்கைச் சுவரோடு ஒட்ட வைப்பது. கடதாசி பில்டர் இந்த என்ஜினில் இல்லை. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு, உள்ளே தார் மாதிரிச் சேறு இறுகிக் கிடக்கும். வழித்து, மண்ணெண்ணெயில் கழுவுங்கள். இந்த வண்டிக்கு இனி மண்ணெண்ணெயின் வேலை அதோடு முடிகிறது.

பெற்றோல் ராங்கிக்கு விநாகிரி போதும். பெற்றோல் ரப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, உள்ளே ஒரு பிடி பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கறளை உதிர்த்துக் கொட்டுங்கள். பிறகு விநாகிரி நிரப்பி ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டு, கொட்டி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, கொஞ்சம் என்ஜின் ஒயில் விட்டு உருட்டி வையுங்கள். தாமதித்தால் ஒரே இரவில் திரும்பக் கறள் பூக்கும். ஓட்டை இருந்து ஒட்டவேலை செய்ய வேண்டுமென்றால் கவனம்: பெற்றோல் வாடை இருக்கிற ராங்கியில் வெல்டிங் பிடித்தால் வெடிக்கும். பல தரம் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, ஒட்டுகிற இடம் மட்டும் வெறுமையாக இருக்கத் தண்ணீர் நிரப்பித்தான் கொடுக்க வேண்டும். ‘பரவாயில்லை, காய்ந்துவிட்டது’ என்று சொல்கிற வெல்டிங்காரனிடம் கொடுக்காதீர்கள்.

காபுறேற்றர் ஜெற்றுகளைக் கம்பியால் குத்தக்கூடாது, ஓட்டை பெருத்துவிடும். ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். ராங்கிக்கும் காபுறேற்றருக்கும் இடையில் ஒரு சின்னப் பெற்றோல் பில்டர் போடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கஃபே ரேசர் வீடியோக்களுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் முதல் வேலையாக ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, காபுறேற்றரில் கூம்பு மாதிரி ஒரு பில்டரைச் செருகுவார்கள். சீற்றுக்குக் கீழே வெறுமையாகத் தெரிய வேண்டும், அதுதான் அழகாம். எங்கள் ஊரில் அந்த வெறுமை பிஸ்டனைத் தின்னும். சோளகக் காற்றடிக்கிற மாதங்களில் ரிப்பருக்குப் பின்னால் கிறவல் ரோட்டில் போனால் இமையிலேயே செம்மண் படியும். அந்தத் தூசி மலிவான கூம்பு பில்டரால் உள்ளே போய் ஒயிலோடு சேர்ந்தால் அரைக்கிற பேஸ்ற்தான். நகத்தால் தடவிப் பார்த்த அந்தப் படி, கோடு, எல்லாம் அதனால் வருபவை. போர் பண்ணக் கொட்டிய காசைக் காப்பாற்றுகிறது அந்தக் கறுத்தப் பிளாஸ்ரிக் பெட்டிதான். வெடிப்பிருந்தால் ஒட்டுங்கள், ரப்பர் குழாயைப் புதிதாகப் போடுங்கள். கிளிப்பை இறுக்குங்கள்.

செயின் கவரும் அப்படித்தான். திறந்த செயினுக்கு ஒயில் விட்டால் தூசி ஒட்டும், விடாவிட்டால் தேயும். மூடிய கவருக்குள் ஓடுகிற செயின் பல மடங்கு காலம் நிற்கும். கவரைத் தட்டி நெளிவெடுத்துக் கறுப்பு அடித்தால் பார்க்கவும் குறைவில்லை. சேசியின் பின்பக்க வளையத்தை வெட்டுகிற வேலை முழுக்கத் தவிர்க்க வேண்டியது. பின்னால் இருக்கிறவரின் பாரமும் 50 கிலோ நெல் மூட்டையின் பாரமும் அந்த வளையத்தில்தான் இறங்குகிறது.

பிறகு எதைத்தான் மாற்றுவது? நிறைய இருக்கிறது, எல்லாம் திரும்பப் பழையபடி பூட்டக்கூடியவை. சீற்றை நீளமாக, தட்டையாக, இரண்டு பேருக்கு அடியுங்கள். பழைய சீற்றின் தகட்டு அடியை வைத்துக்கொண்டு மேலே புதுப் பஞ்சும் கபில நிற றெக்ஸினும் போட்டால் வண்டியின் முகமே மாறிவிடும். கிளிநொச்சியிலும் முள்ளியவளைப் பக்கமும் முச்சக்கரவண்டிக்குச் சீற் அடிக்கிறவர்கள் இதை அழகாகச் செய்வார்கள். ஹாண்டிலைக் கீழே இறக்காமல், கொஞ்சம் அகலமான, குறுக்குக் கம்பி வைத்த ஹாண்டில் போடுங்கள். கிறவலில் கை நிற்கும், பார்க்கவும் காட்டு வண்டி மாதிரி இருக்கும். வயர்களின் நீளம் போதுமா என்று மட்டும் பாருங்கள். ஹாண்டிலை முழுதாகத் திருப்பும்போது அக்சிலேற்றர் வயர் இழுபட்டால் வண்டி தானாக இழுக்கும்.

ரயர் கட்டைப் பூ வைத்ததாக வாங்குங்கள். வாங்க முதல் ரயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கிற நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம் செய்தது. கடையில் பளபளவென்று நிற்கிற ரயர் பலவற்றுக்கு வயது போய்விட்டது. பின் கரியரை மட்டும் கேற் செய்கிற வெல்டிங் கடையில் செய்வியுங்கள். முல்லைத்தீவிலிருந்து மீன் பெட்டி கட்டி ஓடுகிற ஹொண்டா எம்டி 90 ஒன்றைப் பார்த்தால் கரியர் எங்கே பூட்ட வேண்டும், எங்கே தாங்கு கொடுக்க வேண்டும் என்று தெரியும். அவர்களைவிட நல்ல வடிவமைப்பாளர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை.

சைலன்சரை வெட்டிச் சத்தம் எழுப்புவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது.

எரிந்த வண்டிகளில் இருந்து கழற்றின சாமான் இன்னும் பழைய இரும்புக் கடைகளில் வரும். தீயில் கிடந்த முன் போக் சுருள், ரிம், அக்சில் எதையும் வாங்காதீர்கள். வெப்பத்தில் உருக்கின் வலு போய்விடும், வெளியே தெரியாது. பிளாஸ்ரிக் உருகின அடையாளமோ நீலம் பாய்ந்த நிறமோ கண்டால் விட்டுவிடுங்கள். லைற் வளையம், ஸ்ராண்ட் மாதிரிச் சாமான் என்றால் பரவாயில்லை. புத்தகம் இல்லாத சேசியையோ என்ஜினையோ எவ்வளவு மலிவென்றாலும் தொட வேண்டாம்.

வயரிங்கைத் திருத்தாமல் முழுக்கப் புதிதாக இழுங்கள். எலி அரித்த இடத்தைத் தேடித் தேடி ரேப் சுற்றுவது முடியாத வேலை. உங்களுடையது பழைய 6 வோல்ற், பொயின்ற் உள்ள வண்டி என்றால் இங்கே கொஞ்சம் காசு போடலாம். சீஜி பிரதி என்ஜின்களுக்கான 12 வோல்ற் கொயில் தட்டு, றோட்டர், சீடிஐ (பொயின்றுக்குப் பதிலாகப் பிளக்கில் பொறி வரச் செய்கிற பெட்டி), ரெகுலேற்றர் செட்டாகக் கிடைக்கும். பெரும்பாலும் பொருந்தும், ஆனாலும் பழைய றோட்டரைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். மாற்றினால் பற்றரி, பல்ப், ஹோர்ன், சிக்னல் ரிலே எல்லாம் 12 ஆக வேண்டும். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை நிற்கும். மங்கின 6 வோல்ற் லைற்றில் கறுத்த மாடு தெரியும்போது நீங்கள் அதற்கு மேலே இருப்பீர்கள். பியூஸ் ஒன்று கட்டாயம். எர்த் வயர் பூட்டுகிற இடத்தில் பெயின்றைச் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். புது பெயின்ற் அடித்த பிறகு ‘ஒன்றும் எரியவில்லை’ என்று வருகிற வண்டிகளில் பெரும்பங்குக்கு இதுதான் காரணம்.

பிறேக்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பிறேக் சூ, வயர், சுருள் எல்லாம் புதிது. பழைய சூவின் தூசியை வாயால் ஊதாதீர்கள், அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம். சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். ட்ரம்மின் உள்ளே மணல்தாள் போட்டு மினுக்கத்தை எடுங்கள். பல்சரின் டிஸ்க் முன்பக்கத்தைப் பூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கழுத்துப் பியறிங், தண்டு அளவு, லேத் கூலி எல்லாம் கேட்டுப் பாருங்கள். ஒரு லட்சத்துக்குள் அடங்காது. ஒழுங்காகப் பூட்டின ட்ரம் இந்த வண்டியின் வேகத்துக்குப் போதும்.

காசு எப்படிப் பிரிப்பது என்றால், பாதி என்ஜினுக்கும் வயரிங்குக்கும். கால் பங்கு ரயர், பிறேக், செயின் செட்டுக்கு. மிச்சக் காலில் கடதாசிச் செலவை முதலில் கழித்துவிட்டு, இருக்கிறதில் சீற்றும் பெயின்றும். பெரும்பாலானோர் பெயின்றிலிருந்து தொடங்குவார்கள், ஓடாத அழகான வண்டி ஒன்று கொட்டிலில் நிற்கும்.

பெயின்றுக்கு நாள் பார்க்க வேண்டும். மாரியில் அடித்தால் ஈரக் காற்றில் மேற்பரப்பு வெள்ளை பூத்து மங்கும். சோளகத்தில் அடித்தால் காயமுதலே மண் ஒட்டும். மாசி, பங்குனி நல்லது, காலபோக நெல் வெட்டின கையோடு வீட்டிலும் காசு புழங்கும். ஆனால் பக்கத்து வயலில் சூடு அடிக்கிற நாளைத் தவிருங்கள், உமித்தூசி கிலோமீற்றர் கணக்கில் வரும். விடியக் காற்று எழும்ப முதல், வளவு நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். ராங்கியையும் பக்க மூடிகளையும் மட்டும் ஸ்பிரேகாரரிடம் கொடுத்து, சேசியை நீங்களே தூரிகையால் அடித்தாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. கறளை வயர் தூரிகையால் உலோகம் தெரியத் தேய்த்துப் பிரைமர் போட்டால் சரி.

வண்டி ஸ்ராட் ஆன முதல் நாளே ஏ9 இல் ஏறி முறிகண்டிக்கு முறுக்காதீர்கள். போர் பண்ணின என்ஜினை முதல் 500 கிலோமீற்றருக்கு மணிக்கு 50 ஐத் தாண்டாமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நெடுகப் பிடிக்கக்கூடாது, ஆட்களை ஏற்றக்கூடாது. அந்த 500 முடிந்ததும் ஒயிலைச் சூட்டோடு கொட்டுங்கள். வெள்ளித் தூள் மாதிரி மினுக்கம் கொஞ்சம் இருக்கும், பயப்பட வேண்டாம், ரிங் படிகிறது. அதன் பிறகு ரப்பெற்றை, அதாவது வால்வு நுனிக்கு மேலே விடுகிற சின்ன இடைவெளியைப் பார்க்க வேண்டும், குளிர்ந்த என்ஜினில். இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, பீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு இல்லாமல் கைக்கணக்கில் வைக்க முடியாது. இரவல் வாங்கியாவது வையுங்கள்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், பிறகு விற்றால் போட்ட காசு வருமா என்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினதும் பழைய வண்டிகளுக்கு விலை ஏறியது. 2022 இல் கியூஆர் முறையில் மோட்டார்சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று வந்தபோது, கொஞ்சம் குடித்து நிறைய ஓடுகிற சின்ன ஹொண்டாக்களுக்கு மவுசு இன்னும் கூடியது. 2025 இல் இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டது, அந்த விலையை இனி நம்ப வேண்டாம். ஒழுங்கான புத்தகத்தோடு, நல்ல என்ஜினோடு, பழைய அமைப்பில் நிற்கிற சீஜிக்கு ஆள் இருக்கும். சேசி வெட்டின வண்டிக்கு வெட்டினவரைத் தவிர வேறு ஆள் கிடைப்பது அருமை. ஆகவே கழற்றுகிற பழைய ஹாண்டில், சீற் உறை, சிக்னல், பெயர்த்தகடு எதையும் எறியாமல் ஒரு உரப் பையில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். மாமா கனடாவிலிருந்து வந்து தன் வண்டியைப் பழையபடி பார்க்க வேண்டும் என்று கேட்டாலும் ஒரு பின்னேரத்தில் பூட்டிவிடலாம்.